பிரஷர் நோட்டில் கடைசிக் கட்டம்

கிரேன்காரர் தரையில் நின்றால் ஐந்தடி நான்கு அங்குலம். கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டால் முப்பது மாடி. இருபத்திரண்டு வருஷமாக, இரண்டாவது கணக்குதான் தன் உண்மையான உயரம் என்று நம்பி வாழ்ந்துவந்தார். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். ஒரு நாற்காலி, நாலு பக்கமும் கண்ணாடி, ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு வாக்கிடாக்கி. அந்த மனுஷனுக்கு அதைவிடப் பெரிய சொர்க்கம் கிடையாது.

கீழே நின்று அவருக்கு வழி சொல்பவர் பெயர் குண்டூசி. உடம்பைப் பார்த்து வைத்த பெயர். தலை மட்டும் கொஞ்சம் பெரிது. குண்டூசி வாக்கியில் சொல்வதைக் கிரேன்காரர் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம்.

"இரும்புக் கட்டு. இடது பக்கம். ஒன்பதாவது மாடி. மெதுவா."

"இரும்புக் கட்டு. இடது பக்கம். ஒன்பதாவது மாடி. மெதுவா."

"சரி, தூக்கு."

அந்த "சரி, தூக்கு" காதில் விழாமல் கிரேன்காரரின் கை எதையும் தொடாது. திருப்பிச் சொல்லும்போது ஒரு வார்த்தை விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தரையில் குண்டூசி அவரை "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே" என்று குழைந்து தள்ளுவார். வாக்கியில் மட்டும் மரியாதை கிடையாது. ஒரு "ங்க" சேர்க்கிற நேரத்தில் கீழே ஒருத்தர் தலை போய்விடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் "ம்" என்பது. குண்டூசி ஒருமுறை, சளி பிடித்திருந்த நாளில், வாக்கியில் வெறும் "ம்" என்று சொல்லிவிட்டார். கிரேன்காரர் முப்பது மாடி ஏணியில் இறங்கி வந்தார். "ம்னா என்னய்யா அர்த்தம்? தூக்கவா, இறக்கவா? ம்னு ஒருத்தன் சொன்னா, அவன் காதுல எதுவுமே விழலன்னு அர்த்தம்" என்று ஒரு பிடி பிடித்தார். பிறகு முப்பது மாடியும் திரும்ப ஏறினார். அவ்வளவு கண்டிப்பு.

இதெல்லாம் மேலே இருக்கிறவரை. வீட்டுக்கு வந்துவிட்டால் அவருடைய மொத்தப் பேச்சும் "ம்"தான்.

வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் இந்தத் தடவை கம்பெனி டாக்டரம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு தடவை அளந்தார். நூற்று எழுபது, நூற்று நாலு.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்லையே. வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

அதில் பொய் இல்லை. பத்தொன்பது நாளாக அந்த வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும்.

"மாத்திரை எழுதித் தரேன், இன்னிக்கே ஆரம்பிங்க" என்றார் டாக்டரம்மா. "பதினாலு நாள் காலையிலயும் சாயங்காலமும் வீட்லயே பிரஷர் பார்த்து நோட்டுல எழுதணும். கடைசியில குறிப்புன்னு ஒரு கட்டம் போட்டு, அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னும் எழுதணும். அதுவரைக்கும் மேல ஏறக் கூடாது. கேட்ல உக்காந்து லாரி நம்பர் எழுதுங்க. பதினாலு நாள்ல குறையலன்னா, அந்த நாற்காலிதான் உங்களுக்கு நிரந்தரம்."

கிரேன்காரர் பட்டை சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. எழுதறது நீங்க இல்ல, உங்க வீட்டம்மா. உங்க ஆளுங்களை எனக்குத் தெரியும். நூத்தி எழுபதை நூத்தி முப்பதுன்னு எழுதிட்டு வந்து பல்லைக் காட்டுவீங்க. பதினாலாம் நாள் அவங்களையும் மிஷினையும் கூட்டிட்டு வாங்க."

இங்கேதான் சிக்கல். அவருடைய மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரம்மா. நாளெல்லாம் "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா?" என்று முகம் தெரியாத ஜனங்களிடமெல்லாம் பொறுமையாகக் கேட்பவர், பத்தொன்பது நாளாகத் தன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நான்கு நாள் கிரேன்காரருக்கு அது தெரியவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஐந்தாம் நாள்தான் ஏதோ குறைகிறதே என்று உறைத்தது. உறைத்ததும் கேட்டிருக்கலாம். ஆனால் அவரும் ரோஷக்காரர். தன் பங்குக்கு அந்த "ம்"மையும் நிறுத்திவிட்டார். ஒரே மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டதால் நடுவில் புகுந்து சமாதானம் பேசவும் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் மிஷின், கோடு போட்ட நோட்டு, டாக்டரம்மாவின் சீட்டு மூன்றையும் மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி இடது கையை நீட்டினார். கண்ணாடிக்காரம்மா சீட்டைப் படித்தார். ஒரு பெருமூச்சு விட்டார். பட்டையை எடுத்துத் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிச் சுற்றினார். மிஷினோடு வந்த காகிதத்தில், அளப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பிருந்தே பேசக் கூடாது என்று போட்டிருந்தது. அந்த விதியை இத்தனை ஒழுங்காகக் கடைப்பிடித்த தம்பதி வேறெங்கும் இருந்திருக்க முடியாது.

நூற்று எழுபத்திரண்டு. கடைசிக் கட்டத்தில் கண்ணாடிக்காரம்மா எழுதினார்: "சுவரைப் பார்த்து, துண்டு எங்கே என்று கேட்டார். துண்டு அவர் தோளில் இருந்தது."

மறுநாள் காலை நூற்று அறுபத்தெட்டு. "காபி வேண்டும் என்று சொல்லவில்லை. டம்ளரால் மேஜையில் இரண்டு முறை தட்டினார்."

கிரேன்காரர் அதை எட்டிப் பார்த்தார். பொறுக்கவில்லை. பேனாவைப் பிடுங்கி அடியில் எழுதினார்: "ஒரு முறைதான்."

கண்ணாடிக்காரம்மா பேனாவைத் திரும்ப வாங்கி எழுதினார்: "இரண்டு."

இப்படியாக, இருபத்தாறு வருஷக் குடித்தனத்தின் பேச்சுவார்த்தை இரண்டு விரல் அகலக் கட்டத்தில் மறுபடி தொடங்கியது.

மூன்றாம் நாள் கிரேன்காரர் இறங்கி வந்தார். "என்ன கோபம்?" என்று எழுதினார். "தெரியாதா?" என்று பதில் வந்தது. அன்று நூற்று எழுபத்தெட்டு. கல்யாணமான எந்த ஆணுக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

தெரியாது என்று ஒப்புக்கொண்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இவர் யூகிக்க ஆரம்பித்தார். பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவர் போல, தினம் ஒரு விடையாக எழுதிப் பார்த்தார்.

"உன் அக்கா வந்தப்ப நான் தூங்கற மாதிரி நடிச்சது?"

கண்ணாடிக்காரம்மா அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பக்கத்தில் எழுதினார்: "நடிப்பா?"

"உன் நீலக் குடையை நான் பஸ்ல விட்டுட்டு, யாரோ திருடிட்டாங்கன்னு சொன்னது?"

பெருக்கல் குறி. "ஓ."

அந்த "ஓ"வைப் பார்த்ததும் கிரேன்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடவில்லை. ஆறாம் நாள் யோசித்து யோசித்து, இதுவாகத்தான் இருக்கும் என்ற நிச்சயத்தோடு எழுதினார்: "உன் புதுக் கண்ணாடி நல்லா இருக்குன்னு சொன்னது பொய்ங்கறது?"

கடையில் இருக்கிற நானூறு ஃப்ரேம்களில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கண்ணாடி அது. அன்றைக்கு அவர் பெருக்கல் குறி போட்ட வேகத்தில் காகிதம் கிழிந்தது. மறுநாள் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பட்டையைச் சுற்றினார். நூற்று எண்பத்தொன்று.

கேட் என்பது தகரக் கூரை போட்ட ஒரு பெட்டி. லாரி வரும், நம்பர் எழுத வேண்டும், லாரி போகும், நேரம் எழுத வேண்டும். தலைக்கு மேலே, அவருடைய கேபினில் வேறு ஒருத்தர் உட்கார்ந்து அவருடைய கிரேனைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கழுத்து வலிதான் மிச்சம். சாப்பாட்டு நேரத்தில் குண்டூசி வந்து உட்கார்ந்தார். கிரேன்காரர் நோட்டு விஷயத்தைக் கொட்டித் தீர்த்தார்.

"அண்ணே, அண்ணிக்கு ஒரு கோபம்தான் இருந்துச்சு" என்றார் குண்டூசி. "நீங்களா எழுதிக் குடுத்து இப்ப நாலாக்கி வெச்சிருக்கீங்க."

"அப்ப என்னய்யா பண்ணச் சொல்ற?"

"முதல்ல பேனாவைக் கீழ வைங்கண்ணே."

குண்டூசியின் பேச்சை இவர் எங்கே கேட்டார்! ஒன்பதாம் நாள் ஐந்தாவது குற்றத்தையும் எழுதினார்: "நீ குடுத்துவிடற முட்டைக்கோஸை நான் கேபின் ஜன்னல் வழியா காக்காவுக்குப் போடறது?"

கண்ணாடிக்காரம்மா வெகுநேரம் அதையே பார்த்தார். பெருக்கல் குறி போட்டார். "எத்தனை வருஷமாக?" என்று எழுதினார்.

"பதினொரு வருஷம். அதே காக்கா இல்ல."

கண்ணாடிக்காரம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அளந்தார். நூற்று நாற்பத்தெட்டு. கிரேன்காரர் மிஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்தார். மறுநாள் மறுபடி நூற்று எழுபதைத் தாண்டியதும்தான் மிஷின் சரியாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.

மிஷின் பெட்டியில் ஒருநாள் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி ஒன்று கிடந்தது. கிரேன்காரர் அதை எடுத்துத் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறந்துபோனார்.

பதினாலாம் நாள் காலை இருவரும் பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து டாக்டரம்மாவிடம் போனார்கள். டாக்டரம்மா நோட்டை விரித்தார். முதல் பக்கத்தில் எண்களை மட்டும் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டார். மூன்றாம் பக்கத்தில் நோட்டை முகத்துக்கு நேராகத் தூக்கி மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அதே காக்கா இல்லயா?" என்று நோட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அதெல்லாம் அவ்வளவு நாள் இருக்காதுங்க டாக்டரம்மா."

நோட்டு கீழே இறங்கியபோது டாக்டரம்மாவின் முகம் மறுபடி டாக்டர் முகமாகிவிட்டது. "சிரிக்கற விஷயம் இல்ல இது. மாத்திரை போட்டும் நூத்தி எழுபது, நூத்தி எழுபத்தஞ்சு. ஒன்பதாம் நாள் சாயங்காலம் மட்டும் நூத்தி நாப்பத்தெட்டு. அதுக்கு மட்டும் குறிப்பு ரொம்பச் சின்ன எழுத்துல இருக்கு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: "'உள்ளே போய்ச் சிரித்தேன். அவருக்குக் கேட்டிருக்கும்.'"

கிரேன்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்காரம்மா, டாக்டரம்மாவின் மூக்கில் கோணலாக இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, மிஷினைக் குடுங்க. நோட்டையும் மிஷினையும் ஒத்துப் பார்க்கறது என் வழக்கம்" என்றார் டாக்டரம்மா. அந்த மிஷின் இரண்டு பேருடைய அளவுகளைத் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒன்று, இரண்டு என்று பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. ஒன்றில் எல்லாம் நோட்டோடு பொருந்தின. இரண்டைத் தட்டினார். தட்டியவர் மறுபடி மறுபடி தட்டினார்.

"இதுல ஆறு அளவு இருக்கே. எல்லாமே மத்தியானம் ஒண்ணேகால், ஒன்றரை. பிரஷர் பரவாயில்ல. நாடி நூத்தி பதினெட்டு, நூத்தி இருபத்தஞ்சு, நூத்தி முப்பது… இது நோட்டுல இல்லையே. யாரோடது?"

"என்னுது இல்லீங்க. அந்த நேரத்துல நான் கேட்ல இருப்பேன். மிஷின் வீட்ல…" என்று ஆரம்பித்த கிரேன்காரர் பாதியில் நிறுத்தினார். மஞ்சள் துணி ஞாபகம் வந்தது.

"என்னுதுதான்" என்றார் கண்ணாடிக்காரம்மா.

முப்பத்து மூன்று நாளில் மனைவி வாயிலிருந்து கிரேன்காரர் காதில் விழுந்த முதல் வார்த்தை அது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசத்துக்கு மேல. திடீர்னு நெஞ்சு அடிச்சுக்கும். கடைக்கு மிஷினை எடுத்துட்டுப் போய் சாப்பாட்டு நேரத்துல பார்த்துக்குவேன்."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?" என்று துள்ளினார் கிரேன்காரர். அந்த மனுஷனுக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை.

"டிவியில மேட்ச் ஓடிட்டு இருந்துச்சு. நான் துணி மடிச்சுட்டு இருந்தேன்."

மேட்ச் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எந்த நிமிஷத்தில் யார் கோல் அடித்தார்கள் என்பது வரை ஞாபகம் இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் மனைவி ஒரு போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் இருந்தது. வாய் அசைந்ததும்கூட. என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. தான் என்ன சொன்னோம் என்பது, ஐயோ, இருந்தது.

"ம்னு சொன்னேன்."

"ஆமா. வருவீங்கன்னு நினைச்சுட்டேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசல்ல பத்து மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் நின்னேன். கேபின்ல போன் கூடாது, உங்களைக் கூப்பிடவும் முடியாது. உள்ளேயிருந்து ரெண்டு தடவை என் நம்பரைக் கூப்பிட்டாங்க. தனியா போகப் பயமா இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்." கண்ணாடிக்காரம்மா கைப்பையின் வாரைச் சுருட்டினார், பிரித்தார். "அதுக்கப்புறம் பேசி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

கிரேன்காரருக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒரு "ம்"முக்காக முப்பது மாடி இறங்கிப் போய் ஒருத்தரை நாலு பேர் முன்னால் திட்டியவர் அவர். அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் மேலே உட்கார்ந்து, குண்டூசி சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பத்திரமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியின் நெஞ்சுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அதை நினைத்ததும் வெட்கம் போய்ப் பயம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முப்பது மாடி உயரத்தில் ஒரு நாளும் வராத பயம்.

நாற்காலியை இழுத்து மனைவியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதுக்கு? இன்னொரு ம் சொல்றதுக்கா?"

"இல்ல. சொல்லு."

கண்ணாடிக்காரம்மா டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா மேஜையில் இல்லாத எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ராத்திரி தூக்கம் வரல. பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. தனியா போகப் பயமா இருக்கு. நீங்களும் கூட வாங்க."

கிரேன்காரர் தொண்டையைச் செருமினார். வாக்கியில் பேசுகிற குரல் வந்தது, கொஞ்சம் உடைந்து வந்தது.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. தனியா போக…"

"ராத்திரி தூக்கம் வரலன்னு சொன்னேன். அதை விட்டுட்டீங்க."

விட்டுப்போனால் முதலிலிருந்துதான். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்று மறுபடி தொடங்கினார். "ராத்திரி தூக்கம் வரல. பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. தனியா போகப் பயமா இருக்கு. நானும் கூட வரணும்."

கண்ணாடிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். கடையில் யாராவது அப்படித் துடைத்தால் கீறல் விழும் என்று கோபித்துக்கொள்கிறவர் அவர்.

டாக்டரம்மா முதலில் கண்ணாடிக்காரம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், இந்த வியாழக்கிழமைக்கே ஒரு கடிதம் எழுதினார். "என்னன்னு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். தள்ளிப்போடாதீங்க." பிறகு கிரேன்காரரின் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்று நாற்பத்து நாலு, தொண்ணூறு.

"நல்லாவே இறங்கியிருக்கு. ஆனா ஒரு தடவை இறங்கினதைப் பார்த்து உங்களை மேல அனுப்ப முடியாது. இன்னும் ரெண்டு வாரம் கேட்தான். மாத்திரையை விடாதீங்க, பேச்சையும் விடாதீங்க. நோட்டு நடக்கட்டும்."

காலையில் பஸ்ஸில் வரும்போது, மேலே ஏறக் கையெழுத்து கிடைக்காவிட்டால் டாக்டரம்மாவின் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு பண்ணி வைத்திருந்தவர் அவர். இப்போது அது நினைவுக்குக்கூட வரவில்லை. கடிதத்தை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"வியாழக்கிழமை. பத்து மணி. பெரிய ஆஸ்பத்திரி வாசல். ரெண்டு பேரும்."

சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா காத்துப் பார்த்தார். "முடிஞ்சுதே, கிளம்பலாமே?" என்றார். அவர் அசையவில்லை. எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இருபத்திரண்டு வருஷம் கிரேன் கதை கேட்டே காது புளித்துப்போனவருக்குத் தெரியும்.

கண்ணாடிக்காரம்மா கைப்பையையும் மிஷினையும் நகர்த்தி அவர் பக்கம் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு "ங்க" கூடச் சேர்க்காமல் சொன்னார்:

"சரி, தூக்கு."